மடப்பள்ளியில் லத்தீன்

"விபூதி பூசிகினு, அடுப்படியில நின்னுகினு, வேற சாமி மந்திரம் சொல்றாருங்க. என் காதால கேட்டேன்!"

சிவப்பிரகாசம் புகார்க் கடுதாசியை நீட்டினார். மலைக்கோயில் மணியக்காரர் வீராசாமி வாங்கிப் பார்த்தார். புகார், நாராயணசுவாமி மேலே.

இருவருமே மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிறவர்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை; வீட்டுத் தெலுங்கில் 'பாவா' என்று கூப்பிடுகிற உறவு. மாசத்தில் இவருக்கு இத்தனை நாள், அவருக்கு இத்தனை நாள் என்று முறை. சிவப்பிரகாசத்துக்கு மட்டும் இரட்டை முறை. அண்ணன் பக்தவச்சலம் பதினோரு வருஷம் முன்னே காசிக்குப் போய்ச் சந்நியாசி ஆகிவிட்டாராம். அவர் முறையும் தம்பிக்கே வந்தது.

"என்ன மந்திரம்யா?"

"டோமினுஸ், டோமினீ, டோமினோன்னு பொங்கலைக் கிண்டிகினே சொல்றாரு. பிரவுசிங் சென்டர் அம்சாவைக் கேட்டேன். கம்ப்யூட்டர்ல தினம் லத்தீன் பாடம் படிக்கிறாராம். சர்ச்சுல அந்தக் காலத்து ஜெபமெல்லாம் அந்த பாஷைதானாம். மதம் மாறப் போறாருங்க. சாமிக்கு நைவேத்தியம் செய்ற கையா அது?"

"நிஜம்னா அவரு முறை போயிடும்யா. பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துகினு இருக்காரு."

"அதுக்காக சாமி குத்தம் ஆவலாமா?"

வீராசாமி நேராக பிரவுசிங் சென்டருக்கே போனார். நாராயணசுவாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் வேதபாடசாலைப் பிள்ளைகள் சந்தை சொல்கிற மாதிரி முணுமுணுத்தது.

"இன்னா நாராயணா, தமிழும் தெலுங்கும் போதலையா? சாம்பாருக்கு லத்தீன் வேணுமா?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். அம்சா சிரித்தாள். "நல்லா படிக்கிறாருங்க. போன வாரப் பரீட்சையில நூத்துக்கு எண்பத்திரண்டு!"

"எதுக்குப்பா இது?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

வீராசாமிக்கு அந்தப் பதில் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மடியில் கனம் இல்லாதவன் சொல்லிவிடுவானே?

கோயிலுக்குத் திரும்பி அதைச் சொன்னதும், "அப்படிக் கேளுங்க," என்றார் சிவப்பிரகாசம். "முறை முடிஞ்ச மறுநாள் தூக்குல பிரசாதம் எடுத்துகினு எங்கியோ போறாரு. மாசாமாசம்! நாளைக்குப் பின்னாடியே போவோம். கையும் களவுமா புடிச்சிரலாம்."

மறுநாள் காலை ரயிலடி. டீக்கடை மறைவில் இருவரும் நின்றார்கள். நாராயணசுவாமி தூக்கோடு வந்து டிக்கெட் கவுன்டரில் குனிந்தார்.

"மணவூர் ஒண்ணு."

சிவப்பிரகாசத்தின் முகம் வெளிறிப் போனது.

"மணவூரா? எனக்கு வேற வேலை இருக்குதுங்க. நான் வர்ல. நீங்களும் போவாதீங்க. பாவம், புள்ளகுட்டிக்காரரு. அந்தக் கடுதாசியக் குடுங்க, கிழிச்சிப் போட்றலாம்."

"நேத்து சாமி குத்தம்னியே?"

சிவப்பிரகாசம் கடுதாசிக்காகக் கையை நீட்டினார். இவனும் ஏதோ மறைக்கிறான் என்று வீராசாமிக்குத் தோன்றியது. சட்டைப் பையில் கடுதாசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தனியாகவே ரயில் ஏறினார்.

மணவூரில் இறங்கி ஒரு மைல் நடை. கேட்டில் சிலுவை போட்ட ஒரு வீட்டுக்குள் நாராயணசுவாமி நுழைந்தார். நாதியற்றவர்களையும் புத்தி பேதலித்தவர்களையும் கன்னியாஸ்திரீகள் வைத்துப் பார்க்கிற இடம்.

வீராசாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஒரு கிழ கன்னியாஸ்திரீ. பக்கத்தில் நாராயணசுவாமி, கறுப்பு அட்டைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் தடுக்கிய இடத்தில் அந்தம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"மாட்னியா! மாறிட்டே இல்ல?" என்று உள்ளே பாய்ந்தார் வீராசாமி.

நாராயணசுவாமி புத்தகத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"மாறலீங்க. வாசிச்சுக் காட்றேன், அவ்ளோதான். இவங்க சிஸ்டர் அன்னம்மாள். கண்ணு போயிடுச்சு. பதினாறு வயசுலேர்ந்து தினம் படிச்ச புஸ்தகம். இங்க இருக்கிற சின்ன சிஸ்டருங்களுக்கு லத்தீன் தெரியாது."

"அதுக்கு நீதான் கெடச்சியா?"

"நம்ம ஆளு ஒருத்தனைப் பதினோரு வருஷமா குளிப்பாட்டி, சோறூட்டி வச்சிருக்காங்க. இன்னா கைமாறு செய்யட்டும்னு கேட்டேன். ஒண்ணும் வாணாம்பா, முடிஞ்சா இதை வாசிச்சுக் காட்டுன்னாங்க."

"நம்ம ஆளா? யாரு?"

நாராயணசுவாமி புத்தகத்தை மூடி வைத்தார். தூக்கை எடுத்துக்கொண்டு பின்வராந்தாவுக்கு நடந்தார். வீராசாமியும் விடாமல் போனார்.

அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் ஒரு தாடிக்காரர். இலையில் வைத்த பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"மிளகு பத்தல பாவா. அடுப்பையும் சீக்கிரமா அணைச்சிட்டே."

அந்தக் குரலை வீராசாமிக்குத் தெரியும். மடப்பள்ளியில் இருபது வருஷம் கேட்ட குரல்.

"பக்தவச்சலம்! காசி…"

நாராயணசுவாமி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். காதோடு சொன்னார்:

"புத்தி பெசகிப் போச்சுங்க. தம்பிகாரன் இங்க கொண்டாந்து உட்டுட்டு காசின்னுட்டான். மூணு வருஷம் முன்னாடிதான் எனக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அவன் மானம் போயிடும். சொல்லிடாதீங்க."

பக்தவச்சலம் இலையிலிருந்து தலை தூக்கினார்.

"பாவா, இந்த மாசமும் என் தம்பிதானே குடுத்தனுப்பிச்சான்?"

"ஆங், அவன்தான்," என்றார் நாராயணசுவாமி.

"எனக்குக் கடுதாசி ஏதாச்சும் எழுதினானா?"

நாராயணசுவாமி வீராசாமியைப் பார்த்தார். வீராசாமியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே இருந்த காகிதத்தை இறுக்கிக் கசக்கினார்.

"எழுதினான்பா," என்றார். "வர்ற வழியில நான்தான் தொலைச்சிட்டேன்."