உறைக்கு ஒரு கரண்டி

மதியச் சாப்பாடு முடிந்தபோது கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டித் தயிர்தான் மிஞ்சியது. அதையும் வழிக்கப் போன கணவனை வேதவல்லி தடுத்தாள். "உறைக்கு வேணும், விடுங்க."

சாயங்காலம் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும் என்று தயிருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று பால் கேட்டது.

"காலையில் கிண்ணம் நிறைய இருந்தோம். இப்போது நான் மட்டும்தான்" என்றது தயிர்.

"கவலைப்படாதீர்கள். நான் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். துணையாக இருக்கும்."

"துணைக்கு இரண்டு பேர் வேண்டுமே. நாம் சேர்ந்துவிட்டால் ஒருவர்தான் இருப்போம்."

பாலுக்கு இது விளங்கவில்லை. விளக்கம் கேட்பதற்குள் வேதவல்லி தயிரைப் பாலில் விட்டுக் கலக்கி, தட்டுப் போட்டு மூடிவிட்டாள்.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். ஒரு கரண்டித் தயிர் மிஞ்சியது. சாயங்காலம் அதன் பக்கத்தில் புதுப் பால் ஆறிக்கொண்டிருந்தது.

"தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று அந்தப் பால் கேட்டது.

இந்தக் கேள்வி நேற்றும் வந்ததாகத் தயிருக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்டது தானா, தன்னிடம் கேட்டார்களா என்பதுதான் நினைவில் இல்லை.