படம் இல்லாத திரை

ஓர் எழுத்து தவறிவிட்டது.

திரை உடனே ஆங்கிலத்தில் என்னமோ திட்டியது. கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு வரி. அதற்குக் கீழே சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது.

அவள் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த மாத்திரத்தில் மறுபடியும் வியர்த்தது.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் வானிலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆழ்கடலில் சூறைக்காற்று. மூன்று மணிநேரத்துக்குள் வந்துவிடும். படகுகளை உடனே கரைக்குத் திருப்புங்கள்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. காற்று வரப்போகிற முகமே கடலுக்கு இல்லை.

கடலில் முப்பத்திரண்டு படகுகள். மீனவர் சங்க அலுவலகத்தில் அவள் ஒருத்தி. மற்றவர்கள் செயலாளர் மகள் கலியாண விருந்தில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. அந்த முப்பத்திரண்டில் ஒன்று ‘விண்ணரசி’. அதில்தான் அவள் வீட்டுக்காரர் சிலுவை போயிருந்தார்.



போன வாரம் வரைக்கும் இது ஒரு வேலையே இல்லை. சங்கத்து சர்வர் கம்ப்யூட்டரின் திரையில் நீலமாகக் கடல் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளி. ஓரத்தில் சிவப்புப் பொத்தான். மவுஸை வைத்து ஓர் அழுத்து, எல்லாப் படகுக்கும் எச்சரிக்கை போய்விடும். ‘அனுப்பியாயிற்று’ என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். சின்னப்பிள்ளைகூடச் செய்துவிடும்.

ஆனால் அந்தப் படம் இரண்டு தடவை அசையாமல் நின்றுவிட்டது. நாகர்கோவிலிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஜெரின் வந்து பார்த்தான். சர்வரின் பாதித் தெம்பைப் படமே தின்றுவிடுகிறது என்றான். சர்வருக்கு அழகு எதற்கு, வேலை நடந்தால் போதாதா என்று கேட்டான். நியாயமான பேச்சுதான். சங்கத்து ஆட்கள் தலையாட்டினார்கள்.

அவளும் தலையாட்டினாள்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘விண்ணரசி’யின் புள்ளியைப் பார்த்தபடிதான் அவள் சாப்பிடுவாள். கால்மணிக்கு ஒருமுறை புள்ளி கொஞ்சம் நகரும். அது நகர்ந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதற்காகப் படம் வேண்டும் என்று அத்தனை ஆண்களுக்கு நடுவே எப்படி வாயைத் திறப்பாள்? சிரித்திருப்பார்கள்.

படத்தை எடுத்துவிட்டு, எச்சரிக்கை அனுப்ப அடிக்க வேண்டிய வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான் ஜெரின்.

அவள் மறுபடியும் தொடங்கினாள். ஓர் எழுத்து. தாளைப் பார்த்தாள். அடுத்த எழுத்து. ஓர் இடைவெளி. மறுபடியும் தாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் இப்படி எழுத்துக்கூட்டியதில்லை.

என்டரைத் தட்டினாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

கோடு அடுத்த வரிக்கு இறங்கி மினுங்கியது. அவ்வளவுதான்.

போனதா, போகவில்லையா? மாதாவே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன இந்தச் சனியன்! ஜெரினுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் போட்டாள். அப்போதும் அவன் எடுக்கவில்லை.

சங்கத்து செல்போன் ஒருமுறை அதிர்ந்தது.

‘செல்வமாதா’. கிடைத்தது, திரும்புகிறோம்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு வரிசையாக வந்தன. ‘புனித யாகப்பர்’. ‘அருள்ஒளி’. ‘கடல்தேவி’. படகுப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். பன்னிரண்டு. இருபத்தாறு. முப்பத்தொன்று.

போன் ஓய்ந்துவிட்டது.

மிச்சம் ஒரே ஒரு பெயர். ‘விண்ணரசி’.

வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். கை ஒழிந்திருக்காது. அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

ஜெரின் திரும்பக் கூப்பிட்டான். பைக்கில் போய்க்கொண்டிருந்தானாம்.

“திரையில எதாச்சும் வந்துச்சாக்கா?”

“ஒண்ணும் வரல தம்பி.”

“அப்ப செய்தி போயாச்சு. தப்பா அடிச்சாதான் அது பேசும். ஏன் பயப்படுதீங்க?”

“ஒரு படகு பதில் சொல்லல. எங்க நிக்குன்னு பாக்கணும். அந்தப் படத்த இப்பவே போட முடியுமா?”

“படம் வேண்டாம்க்கா. ஒரு வரி அடிச்சா போதும், எடத்தச் சொல்லிரும். எந்தப் படகு?”

சொன்னாள்.

ஜெரினுக்கு சிலுவையைத் தெரியும். அவன் குரல் இறங்கிவிட்டது.

“நான் சொல்லுத மாதிரியே அடிங்க. அவசரப்படாதீங்க.”

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவள் அடித்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒரே ஒரு வரி வந்தது. கடலும் இல்லை, புள்ளியும் இல்லை. வெறும் எண்கள்.

“மொத ரெண்டும் எடம். கடைசியில இருக்கது, படகு கடைசியா சிக்னல் குடுத்த நேரம். வாசிங்கக்கா.”

முதல் இரண்டு எண்களில் அவளுக்குக் கடல் தெரியவில்லை. நேரம் தெரிந்தது.

பதினொன்று நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது. படம் இருந்திருந்தால் மத்தியானம் சாப்பிடும்போதே பார்த்திருப்பாள். புள்ளி நகரவில்லை என்று எழுந்து கத்தியிருப்பாள். ஊரே ஓடி வந்திருக்கும். இன்றைக்கு அவள் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

“அக்கா? என்ன நேரம் போட்டிருக்கு?”

வாசித்தாள்.

 போனில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் விரல்கள் கீபோர்டின் மேலேயே இருந்தன. வியர்வை நின்றுபோயிருந்தது.

“அடுத்து என்ன அடிக்கணும்,” என்றாள். “சொல்லு தம்பி.”