நின்றுவிட்ட மாணவி

இரண்டு வாரமாக வகுப்புக்கு வராத மாணவியைத் தேடி, மூச்சு வாங்க நான்காவது மாடிக்கு ஏறி வந்தாள் கணக்கு டீச்சர். கதவைத் திறந்த மாணவி, கையிலிருந்த துடைப்பத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஏம்மா வரலை? வீட்டுல வேண்டாங்கறாங்களா?"

"இல்ல டீச்சர், அம்மா தினமும் திட்டறாங்க. எனக்குத்தான் பிடிக்கலை."

"பாதியில விடலாமா? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா கரையேறிடலாமே!"

மாணவி தலைகுனிந்தபடியே கேட்டாள்: "நீங்களும் இந்த மாசத்தோட வேலையை விடறீங்களாமே டீச்சர்? ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பார்க்கற பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாம்மா. தொண்டை கிழியக் கத்தினாலும் சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. யாருக்கும் எதுவும் புரியலை. அலுத்துப்போச்சு."

"எனக்கும் அதேதான் டீச்சர். ஒண்ணும் புரியாம உக்கார்ந்து அலுத்துப்போச்சு."

"புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"புரியுதான்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"புத்தகத்தை எடு. எந்தப் பக்கத்துலேர்ந்து புரியலை?"

மாணவி தயங்கித் தயங்கி முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிதான். இது இந்த மாசத்தோட முடியற வேலை இல்லை."