நேரில் வந்து பார்க்கட்டும்

“இன்னும் என்னதாம்மா வேணும் உங்களுக்கு? கேட்டதெல்லாம் குடுத்துட்டாங்க!”

வக்கீல் சமரச ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்து, பேனாவையும் திறந்து நீட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா அதைத் தொடவில்லை.

“ஒண்ணு குறையுது சார்.”

மூன்று வருட வழக்கு அது. களிமண் நிலத்தில் ஆழம் போதாமல் அஸ்திவாரம் போட்டு, வீட்டைக் கட்டி விற்றிருந்தது ஒரு கம்பெனி. மழைக்கு மண் உப்பியது, வெயிலுக்குச் சுருங்கியது. கூடவே வீடும் அசைந்து கொடுத்தது. கூடத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். படுக்கையறைக் கதவைச் சாத்தவே முடியாது. சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டால் மூடுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

“அஸ்திவாரத்தைப் பலப்படுத்தித் தர்றாங்க. நஷ்ட ஈடும் உண்டு. அவங்க வச்ச மண் பரிசோதனை இன்ஜினியரே, தப்பு கம்பெனி மேலதான்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு அதிர்ஷ்டத்தைப் பார்த்ததில்ல.”

“அந்த இன்ஜினியர் கோர்ட்டுக்கும் வரல, வீட்டுக்கும் வரலையே.”

“நாலு தடவை ஆளுங்க வந்து அளந்துட்டுப் போனாங்களே?”

“வந்ததெல்லாம் அசிஸ்டென்ட்டுங்க. கையெழுத்து மட்டும் இன்ஜினியரோடது.” நர்ஸம்மா ரிப்போர்ட்டை எடுத்தார். முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தையே பார்த்தார். “கையெழுத்துப் போட்டவங்க நேர்ல வந்து பார்க்கட்டும். அப்புறம் நானும் போடறேன்.”

“நமக்குச் சாதகமா எழுதினவங்களையே கூப்பிட்டு வச்சு வம்பு பண்ணப் போறீங்களா?”

“வம்பெல்லாம் இல்ல சார். பார்க்கணும். அவ்வளவுதான்.”

வக்கீலுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்த அம்மாள் தவறாமல் வந்து, எதிர்த்தரப்பு ஆட்கள் உட்காரும் வரிசையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு வன்மம்!

வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டார். இன்ஜினியர் முதலில் வேலை இருக்கிறது என்றார். அடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்றார். சமரசமே முறிந்துவிடும் என்று கம்பெனி கெஞ்சிய பிறகுதான், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வர ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு வீடு பளபளவென்று இருந்தது. விடியற்காலையிலிருந்து பெருக்கித் துடைத்திருந்தார் நர்ஸம்மா. விழப்போகிற சுவருக்கு இத்தனை அலங்காரமா என்று வக்கீல் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

கார் வந்து நின்றது. மூக்குக்கண்ணாடி போட்ட, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி இறங்கினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்த தலையோடு நேராக உள்ளே போய், விரிசலில் அளவுகோலை வைத்தாள்.

“பன்னிரண்டு மில்லிமீட்டர்,” என்றாள் சுவரிடம். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த அறை. அடுத்த விரிசல். நர்ஸம்மா இரண்டடி தள்ளி, பின்னாலேயே போனார். வக்கீல்தான் வியர்த்துப்போனார். எந்த நிமிடம் எரிமலை வெடிக்குமோ!

வேலை முடிகிற மாதிரி இருந்தது.

“கேட்க வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே கேட்டுடுங்கம்மா,” என்றார் வக்கீல், எதற்கும் இருக்கட்டும் என்று இருவருக்கும் நடுவில் போய் நின்றபடி.

நர்ஸம்மா வக்கீலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“கண்ணாடி எப்போ போட்டே?”

இன்ஜினியரின் கையிலிருந்த அளவுகோல் அப்படியே நின்றது. அவள் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

“என் கல்யாணத்தன்னிக்கே போட்டிருந்தேம்மா. நீதான் வரலையே.”