அந்த ஒற்றை ஓட்டு

"பெத்தவ புள்ளைக்குத்தானே போடச் சொல்வா? அதுக்கு நீ ஏன் தலையாட்டிட்டு வந்தே?" கணவன் லூசியன் காபிக் கிண்ணத்தை மேஜையில் டக்கென்று வைத்தான்.

ஏன் தலையாட்டினோம் என்று அர்லெத்துக்கே புரியவில்லை. பக்கத்து வீட்டு ஓர்தான்ஸம்மா இடுப்பெலும்பு முறிந்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதிலா என் ஓட்டை நீ போட்டுடும்மா. யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கான ஏற்பாட்டையும் முறைப்படி செய்துவிட்டாள். சரி என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது.

ஓர்தான்ஸம்மாவின் ஒரே மகன் பாத்ரிஸ் வல்க்ரோ. இருபது வருஷத்தில் மூன்று கட்சி மாறியவன். பேச்சை மட்டும் மாற்றாதவன். வந்தேறிகள் மூட்டை கட்ட வேண்டும் என்பான். போர் நினைவுத் தூண்களில் உள்ள அந்நியப் பெயர்களைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று டி.வி.யில் சொல்லி, கோர்ட்டில் அபராதம் கட்டி, கோர்ட் வாசலிலேயே அதை மறுபடியும் சொன்னவன். இப்போது நாடாளுமன்றத் தேர்தலில், இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில் நின்றான்.

பிறந்த ஊரில் மட்டும் அவன் பருப்பு வேகவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இந்த மலையூரில் அவனுக்கு விழுவது ஒரே ஒரு ஓட்டு. யார் போட்டது என்று எவரும் கேட்டதில்லை. ரொட்டிக் கடைக்குள் ஓர்தான்ஸம்மா நுழைந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அர்லெத் மட்டும்தான் நின்று நலம் விசாரிப்பாள்.

"நம்ம மருமகன் மொராக்கோக்காரன். அவனைத் துரத்தணும்ங்கறவனுக்கு நம்ம வீட்டுக் கையாலயே ஓட்டா? ஓட்டுப் போடற மறைப்புக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்? மத்தவன் பேர் அச்சடிச்ச சீட்டை உறையில போடு. கெழவி கேட்டா, போட்டாச்சுன்னு சொல்லிடு."

"நம்பிக் குடுத்தவளை ஏமாத்தச் சொல்றீங்களா?"

"அவன் ஜெயிச்சா ஏமாறப் போறது உன் பேரன்டி!"

"சரி, சரி. சத்தியமா மத்தவனுக்கே போடறேன். போதுமா?"

அதற்குப் பிறகுதான் லூசியன் காபியைக் குடித்தான்.

தேர்தலன்று ஊர்க் கூடத்தில் தன் ஓட்டை அர்லெத் யோசிக்காமல் போட்டாள். கிழவியின் ஓட்டுக்காக இரண்டாம் முறை மறைப்புக்குள் போனபோது, இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பக்கம் பேரன் முகம், இன்னொரு பக்கம் கிழவியின் முகம். எது துரோகம், எது நேர்மை என்றே தெரியவில்லை. கடைசியில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, வல்க்ரோவின் சீட்டை உறைக்குள் திணித்தாள்.

மாலையில் ஊரே கூடி நிற்க, உறைகளைப் பிரித்துப் பெயர்களை உரக்கப் படித்தார்கள்.

"வல்க்ரோ!"

"வந்துடுச்சுப்பா தாய்ப்பாசம்! ஆஸ்பத்திரியில இருந்தும் வந்துடுச்சு பாரு!" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. லூசியனும் சிரித்தான். அர்லெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "வல்க்ரோ!"

சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லூசியன் வெளிறிப்போய் அர்லெத்தைப் பார்த்தான்.

"நெஜமாவே போட்டுட்டியா?" என்றான் வெளியே வந்ததும்.

"போட்டேன். ஆனா இன்னொண்ணு யாருது?"

அவன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். கோபம் என்று நினைத்தாள். அன்று தொகுதியில் வல்க்ரோ ஜெயித்தும்விட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், "மனசுக்குப் பிடிக்கலதான். ஆனா உங்க புள்ளைக்கே போட்டேம்மா" என்றாள் அர்லெத்.

"யாருக்கு?" கிழவி எழப் பார்த்தாள். "அடிப் பாவி! அவனுக்கு நான் ஒரு தடவை கூடப் போட்டதில்லையே! ஊர்ல யாரு போட்டாலும் நீ போடமாட்டேன்னு நம்பித்தானே உன்கிட்ட குடுத்தேன்!"

"அப்ப... இத்தனை வருஷமா விழுந்த அந்த ஒண்ணு?"

"எவன் போட்டானோ! பழி என் தலையில. பெத்தவளே நான் போடலேன்னு சொன்னா யாரு நம்புவா?"

அர்லெத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்படியானால் நேற்று விழுந்த இன்னொரு ஓட்டு யாருடையது? ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், மேயர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எவர்மேலும் சந்தேகப்பட முடியவில்லை.

சட்டென்று அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவள் செய்த சத்தியத்தை நம்பியவன், முதல் "வல்க்ரோ"வுக்கே அல்லவா திடுக்கிட்டிருக்க வேண்டும்? ஒன்று விழும் என்று முன்பே தெரிந்தவன் போல லூசியன் அதற்குச் சிரித்தான்; இரண்டாவதற்குத்தான் வெளிறிப்போனான்.