ஐந்து வாக்கியங்கள்

மாலை ஆறே முக்காலுக்குப் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு முடிந்தது. எல்லோரும் போன பிறகு பிளம்பர் மட்டும் தயங்கி நின்று நோட்டை நீட்டினார். செய்யத் தவறியதை நினைத்து வருந்தும் வாக்கியங்கள் ஐந்து எழுதிவரச் சொல்லியிருந்தாள் டீச்சர்.

ஐந்தும் அவர் மனைவியைப் பற்றியவை.

ஊர்க் குழாயையெல்லாம் சரிசெய்தவன் அவள் சமையலறைக் குழாயையும் சரிசெய்திருக்கலாம். அவள் பாடும்போது ரேடியோவைப் போடாமல் இருந்திருக்கலாம். சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்...

டீச்சருக்குப் பிழை திருத்தக் கை வரவில்லை.

"முப்பது வருஷம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிப்போச்சு டீச்சர்."

"போனவங்க திரும்பியா வரப்போறாங்க? மனசைத் தேத்திக்குங்க சார்."

"யாரு போனது?" என்றார் அவர்.

அதற்குள் வாசலில் ஒரு குரல். "இன்னும் முடியலையா? கால் கடுக்க நிக்கிறேன்."

"என் வீட்டுக்காரி. வண்டி ரிப்பேர்னு கூட்டிட்டுப் போக வந்திருக்கா." குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கிற தைரியத்துலதான் எழுதினேன் டீச்சர்."

அந்த அம்மாள் உள்ளே வந்தாள். "ஒழுங்கா எழுதுறாரா டீச்சர்? மூணு நாளா பேனாவைக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கார். அவரையே கேளுங்க." டீச்சர் நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

மனைவி முன் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படி என்ன எழுதினீங்க? எனக்கும் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லுங்க."