இடது மூலை

கடைசிப் படியில் கால் வைத்ததும் அவனுக்குக் கேமரா மேடை தெரிந்தது.

இடது கைப்பக்கம் இருந்தது.

வலது கைப்பக்கம் இருக்க வேண்டியது.

எதிர்க் கோல் கம்பத்துக்குப் பின்னால், வெகுதூரத்தில், போலீஸ்காரர்களுக்கு நடுவே, கைக்குட்டை அளவுக்குக் கொஞ்சம் பச்சை.

இங்கே, அவனைச் சுற்றி, சிவப்பு. ஆறாயிரம் பேர் சிவப்பு.

அவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான். அவனை நம்பிப் பின்னால் படியேறிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரும்தான்.

வியாசர்பாடி ரசிகர் மன்றத்தில் அவனுக்கு 'அவே அண்ணன்' என்று பெயர். எட்டு சீசனில் 'அவே' ஆட்டம், அதாவது வெளியூர் ஆட்டம், ஒன்றைக்கூட விட்டதில்லை. எந்த மைதானத்தில் நம் அணிக்குக் கார்னர் சராசரி எவ்வளவு, எந்த கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள், எல்லாம் அத்துப்படி. மன்றத்து வாட்ஸப் குழுவில் அவன் சொன்னால் அப்பீல் கிடையாது.

வெளியூர் ஆட்டம் என்றால் அவன் போவது அரக்கோணம்.

மச்சினன் வீட்டு டிவி நாற்பத்து மூன்று இஞ்ச்.

போன மாதம் டிக்கெட் விலை வந்ததும் குழு இரண்டு நாள் கொதித்தது. வெளியூர் ரசிகர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் ஒதுக்கியது நூற்றைம்பது டிக்கெட். ஒவ்வொன்றும் எண்ணூறு ரூபாய்.

"போன சீசன் ஐந்நூறு. கோல் ஏறல, விலை மட்டும் ஏறுது" என்றான் டில்லிபாபு.

பிறகு வழக்கம்போல எல்லோரும் அவே அண்ணன் வாயைப் பார்த்தார்கள்.

அவன் வாய்ஸ் மெசேஜில் தொண்டையைச் செருமிக்கொண்டான். எண்ணூறு கொடுக்கிறவன் ஏமாளி. அந்தப் பகுதியை ஒட்டினாற்போலவே இன்னொன்று இருக்கிறது. இருநூற்றைம்பதுதான். நடுவில் வெறும் கயிறு. நான் எப்பவும் அங்கேதான். பச்சையை நல்லா தெரியிற மாதிரியே போட்டுக்கிட்டுப் போகலாம். செண்டை அடிக்கிற வர்கீஸ்னு ஒருத்தர், நம்மளப் பார்த்ததும் படியேறி வந்து கட்டிப்பிடிப்பார். டீ வாங்கித் தருவார்.

வர்கீஸ் பிறந்தது அந்த வாய்ஸ் மெசேஜில்தான்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். வேன் பேசிவிட்டார்கள்.

காய்ச்சல் என்றான். மன்றத்து யுவராணி கஷாயம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

டிக்கெட் எடுத்தவனும் அவன்தான். டிவியில் வெளியூர் ரசிகர்கள் எப்போதும் இடது மூலையில் இருப்பார்கள். புக்கிங் படத்திலும் இடது மூலையைத் தொட்டான். படம் வரைந்தவன் கேமராவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறான்.

வாசலில் டிக்கெட் கிழித்தவர் அவன் முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இந்த கேட்தானா?"

"எப்பவும் இங்கதான்" என்றான் அவன், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

இப்போது டில்லிபாபு முதுகில் கை வைத்துத் தள்ளினான். "ண்ணா, வழியில நிக்காத. உள்ள போ."

திரும்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அரக்கோணம்.

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். வழி கிடைத்ததும் இருபத்திரண்டு பேரும் உள்ளே வந்து, அகலமாக நின்று, கொடியைப் பிரித்தார்கள்.

சிவப்புக் கூட்டத்தின் கடைசி வரிசையில் பாட்டு நின்றது. அதற்கு முன் வரிசையில் நின்றது. அப்படியே வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது அந்த மௌனம்.

யுவராணியின் இடுப்பில் அவள் மகள் இருந்தாள். நாலு வயது. பச்சை ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"கயிறு எங்கண்ணா?" என்றாள் யுவராணி.

அவன் குனிந்து படியோரத்தில் கயிற்றைத் தேடினான்.

"அவிழ்த்திருப்பாங்க" என்றான்.

"சரி, வர்கீஸ் எங்க?"

கீழே கம்பி வேலிக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் இன்னும் செண்டை அடித்துக்கொண்டிருந்தார். மைதானத்தைப் பார்த்து நின்றதால் அவருக்கு விஷயம் தெரியாது. பெரிய உடம்பு. கழுத்தே இல்லை; தோள் முடிந்த இடத்தில் தலை தொடங்கியது.

அவன் விரல் நீட்டிக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் திரும்பினார்.

தன்னை நோக்கி நீண்டிருந்த விரலைப் பார்த்தார். விரலுக்குப் பின்னால் விரிந்திருந்த பச்சையைப் பார்த்தார்.

செண்டை நின்றது.

படியேற ஆரம்பித்தார். அவர் கடந்த ஒவ்வொரு வரிசையிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

"வர்றாரு! வர்கீஸ் வர்றாரு!" என்று டில்லிபாபு கத்தினான். "அவே அண்ணன்னா சும்மாவாடா?"

இருபத்திரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அவன் படிகளை எண்ணினான். எண்ணுவது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பதினான்கு. பதின்மூன்று. இந்த மைதானத்தில் நம் அணி ஆறு ஆட்டம், வெற்றி ஒன்று. பன்னிரண்டு.

யுவராணியின் மகள் அவருக்குக் கையாட்டினாள்.

ஒன்பது.

அவன் இரண்டு கைகளையும் விரித்தான். சிரித்தான். படம் பிடிக்கிறார்கள்.

ஆறு.

கட்டிப்பிடிக்க வருபவர் செண்டையைக் கழற்றிக் கீழேயே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

குச்சிகளை வைக்கவில்லை.